சூசைட் பாயிண்ட்டில் கேஷியர் இறங்கவில்லை

கொடைக்கானல் போவது என்று முடிவெடுப்பது சுலபம். நாலு பேருக்கும் ஒரே சனிக்கிழமை லீவு கிடைப்பதுதான் கஷ்டம்!

எங்கள் செக்‌ஷனில் நாலு பேர். பத்து மாதத்தில் ரிடையராகப் போகும் கேஷியர் அண்ணன். எந்த ஊர் பேரைச் சொன்னாலும் "அங்கே எந்த ஓட்டல்ல பரோட்டா நல்லாயிருக்கும்?" என்று கேட்கும் டெஸ்பாட்ச். வேலைக்குச் சேர்ந்து ஒன்றரை வருஷமே ஆன கம்ப்யூட்டர் தம்பி. அப்புறம், அடியேன்.

ஒருத்தர் காய்ச்சல் என்று எழுதினார். ஒருத்தர் பல் டாக்டர் என்றார். டெஸ்பாட்ச், "மாமனாருக்குத் திதி" என்று எழுதிக் கொடுத்துவிட்டார். அடுத்த திங்கட்கிழமை அந்த மாமனாரே ஆபீசுக்கு போன் பண்ணி, "மாப்பிள்ளை இருக்காரா?" என்று கேட்டது தனிக்கதை. நிற்க.

விடியற்காலை ஐந்து மணிக்கு மதுரையில் வேன் கிளம்பியது. வத்தலக்குண்டில் இட்லி. காட் ரோடு செக்போஸ்ட்டில் இ-பாஸ் காட்டச் சொன்னார்கள். 2024 மே மாதத்தில் ஐகோர்ட் உத்தரவால் வந்த நடைமுறை. தம்பி முந்தின நாளே செல்போனில் எடுத்து வைத்திருந்தான். "நம்ம ஆபீஸ்ல ஒரு ஃபைல் இவ்வளவு வேகமா நகருமாடா?" என்று கேஷியர் அண்ணன் வியந்தார்.

மலை ஏற ஏற, காதில் 'டப்' என்று அடைத்தது. டம்டம் பாறையில் நின்று, தூரத்தில் எலிவால் மாதிரித் தொங்கிய தலையாறு அருவியைப் பார்த்தோம். 297 மீட்டர் உயரமாம். "இதுல குளிக்க முடியாதா?" என்றார் டெஸ்பாட்ச். பெருமாள்மலை தாண்டியதும் குளிர் ஜன்னல் வழியாக உள்ளே வந்து மடியில் உட்கார்ந்து கொண்டது. வெள்ளி அருவியில் குரங்குகள் எங்களிடம் வரி வசூலித்தன. கேஷியரின் கடலைப் பொட்டலம், ரசீது கிடையாது.

அவர் அன்றைக்கு நல்ல உற்சாகம். செண்பகனூரில் சேசு சபைக் குருமடத்தைக் காட்டி, "1895-லேர்ந்து இருக்குப்பா. இங்கே ஒரு மியூசியம் உண்டு" என்று கைடு வேலை பார்த்தார். ஏரியைச் சுற்றி நடந்தார். கோக்கர்ஸ் வாக்கில் எங்களுக்கு முன்னால் போனார். சலேத் மாதா கோயில் படியேறி மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வந்தார். முழங்கால் வலி என்று ஒரு வார்த்தை இல்லை.

சாயங்காலம் மூன்றரை மணிக்கு கோல்ஃப் மைதானத்தை ஒட்டி வேன் நின்றது. போர்டில் 'கிரீன் வேலி வியூ' என்று எழுதியிருந்தது. ஆனால் கடைக்காரர்களும் டிரைவரும் இன்னும் பழைய பெயரைத்தான் சொல்கிறார்கள்.

"சூசைட் பாயிண்ட், இறங்குங்க சார்!"

நாங்கள் இறங்கினோம். கேஷியர் அண்ணன் இறங்கவில்லை.

"நீங்க பார்த்துட்டு வாங்கப்பா. எனக்கு முழங்கால் வலி."

கம்பிவேலிக்கு அந்தப் பக்கம் ஒன்றுமே இல்லை. வெறும் பஞ்சு. ஐந்து நிமிஷம் பொறுத்த பிறகு மேகம் கொஞ்சம் விலகியது. கீழே, ரொம்பக் கீழே, சமவெளி. தகடு மாதிரிப் பளபளத்தது வைகை அணை என்றார்கள். மறு நிமிஷம் மேகம் மறுபடி திரையை இழுத்துவிட்டது. சினிமாவில் இன்டர்வெல் விட்ட மாதிரி!

திரும்பி வந்து வேனில் ஏறும்போது தம்பி சிரித்துக்கொண்டே சொன்னான்: "நல்ல இடம்தான். மார்ச்ல அப்ரைசல் வந்ததும் நான் நேரா இங்கேதான் வரப் போறேன்."

"வாயை மூடுடா!"

நாங்கள் மூன்று பேரும் ஆடிப்போனோம். பன்னிரண்டு வருஷமாக அவரோடு வேலை பார்க்கிறேன். கேஷில் ஐயாயிரம் குறைந்த அன்றைக்குக்கூட அவர் குரல் உயர்ந்ததில்லை. தம்பியின் முகம் சுண்டிப் போயிற்று. வேனுக்குள் பாட்டை நிறுத்தினார் டிரைவர்.

அப்புறம் பைன் காடு. தூண்பாறை. 1991-ல் கமல் படம் வந்ததிலிருந்து 'குணா குகை' ஆகிவிட்ட பழைய 'டெவில்ஸ் கிச்சன்'. 2024-ல் 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' வந்த பிறகு அங்கே கூட்டம் சொல்லி மாளாது. எல்லா இடத்திலும் போட்டோ எடுத்துக்கொண்டோம். எந்தப் போட்டோவிலும் யாரும் சரியாகச் சிரிக்கவில்லை.

ராத்திரி லாட்ஜில் மிளகாய் பஜ்ஜியும் டீயும் வந்தன. கம்பளிக்குள் சுருண்டு உட்கார்ந்திருந்த கேஷியர் அண்ணன், தானாகவே ஆரம்பித்தார்.

"தம்பி, கோவிச்சுக்காதே. எனக்கு ஒரு அண்ணன் இருந்தான்."

எங்களுக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது.

"1978. அவனுக்கு இருபத்தோரு வயசு. எனக்குப் பன்னெண்டு. பி.யூ.சி. முடிச்சிட்டு வேலை தேடிக்கிட்டிருந்தான். ஒருநாள் காலையில அவன் இல்ல. அவனாவே... அவ்வளவுதான். என்ன காரணம்னு இன்னிக்கு வரைக்கும் எங்களுக்குத் தெரியாது."

திண்டுக்கல் பக்கம் ஒரு சின்னக் கிராமம். ஊரே கத்தோலிக்கர்கள். சாவு விழுந்தால் கோயிலில் துக்கமணி அடிக்கும். அன்றைக்கு அடிக்கவில்லை. சவத்தை வைத்துத் தூக்கிப் போக ஊருக்குப் பொதுவாகத் தூம்பாப் பெட்டி ஒன்று உண்டு. அதைத் தர முடியாது என்று சொல்லிவிட்டார்கள். சாமியார் வரவில்லை. உபதேசியார் மட்டும் இருட்டிய பிறகு வந்து, வாசலிலேயே நின்று, அப்பாவின் கையைப் பிடித்துவிட்டுப் போனாராம்.

"கல்லறைத் தோட்டத்துல இடமில்ல. சுவருக்கு வெளியே, எருக்கஞ்செடி மண்டிக் கிடந்த மூலையில குழி வெட்டினாங்க. வழக்கமா குழியை மந்திரிச்சு, தீர்த்தம் தெளிப்பாங்க. அதுவும் இல்ல. வெறும் மண்ணு."

டெஸ்பாட்ச் பஜ்ஜியைத் தட்டிலேயே வைத்துவிட்டார். நான் பார்த்து அவர் அப்படிச் செய்தது அதுதான் முதல் தடவை.

"நவம்பர் 2-ம் தேதி கல்லறைத் திருநாள் வரும். எல்லாரும் கல்லறைக்கு வெள்ளையடிச்சு, பூ போட்டு, மெழுகுவத்தி ஏத்துவாங்க. சாமியார் ஒவ்வொரு கல்லறையா மந்திரிச்சுக்கிட்டே வருவார். எங்கம்மா என்ன பண்ணுவா தெரியுமா? உள்ளே நின்னுக்கிட்டு, அந்தச் சுவர் மேல ஒரு மெழுகுவத்தி ஏத்தி வைப்பா. காத்துல அணைஞ்சிடும். மறுபடி ஏத்துவா. மறுபடி அணையும். சுவருக்கு அந்தப் பக்கம் போகக் கூடாதுன்னு யாரும் சொல்லல. ஆனா போனா ஊரு பார்க்கும். செத்தவனுக்கு என்னப்பா தெரியும்? தண்டனை பூராவும் எங்கம்மாவுக்குத்தான்."

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. (குளிர் ஒரு காரணம். டெஸ்பாட்சின் குறட்டை இன்னொரு காரணம்.) செத்துப்போனவரின் உடம்பைத் தண்டிக்க வேண்டும் என்று மனுஷனுக்கு எப்படித் தோன்றியது? ஊருக்குத் திரும்பியதும் லைப்ரரியில் இதைத்தான் தேடிப் படித்தேன். தெரிந்துகொண்டதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். பிறகு மலையிறங்கலாம்.

முதலில் ஒரு ஆபீஸ் கதை. ரிடையரான பிறகு சார்ஜ் மெமோ கொடுப்பதைப் பார்த்திருக்கிறோம். செத்த பிறகு கொடுத்து விசாரித்த கதை தெரியுமா? 897-ம் வருஷம், ரோமாபுரி. போப்பாண்டவர் ஆறாம் ஸ்டீபன், தனக்கு முன் பதவியில் இருந்த ஃபார்மோசஸின் உடலைக் கல்லறையிலிருந்து தோண்டி எடுக்கச் சொன்னார். அவர் இறந்து மாதக்கணக்கில் ஆகியிருந்தது. உடலுக்குப் பட்டாடை உடுத்தி, நாற்காலியில் உட்கார வைத்து, என்கொயரி நடந்தது! பிணத்தின் சார்பில் பதில் சொல்ல ஒரு திருத்தொண்டர் (டீக்கன்) நிறுத்தப்பட்டார். தீர்ப்பு? குற்றவாளி. ஆசீர்வாதம் கொடுக்கும் வலது கையில் மூன்று விரல்களை வெட்டி, கடைசியில் உடலை டைபர் ஆற்றில் எறிந்தார்கள். ஜனங்களுக்கே பொறுக்கவில்லை. அதே வருஷம் ஸ்டீபனைச் சிறையில் போட்டு, அங்கேயே அவர் கழுத்தை நெரித்துக் கொன்றார்கள். பின்னால் வந்த போப் ஒருவர், ஃபார்மோசஸை மறுபடி மரியாதையோடு அடக்கம் செய்தார்.

இங்கிலாந்தில் ஜான் விக்ளிஃப் என்றொரு அறிஞர். 1384-ல் இறந்தார். 1415-ல் கூடிய சபைச் சங்கம் அவர் கருத்துக்கள் தவறு என்று தீர்ப்புச் சொல்லி, எலும்பை வெளியே எடுக்கச் சொன்னது. 1428-ல், அதாவது செத்து 44 வருஷம் கழித்து, தோண்டி எரித்துச் சாம்பலை ஆற்றில் கரைத்தார்கள். ஃபைல் நகரும் வேகத்தில் நம் ஆபீஸ் பரவாயில்லை!

இதெல்லாம் பெரிய மனிதர்களின் கதை. சாதாரண ஜனங்களில் இந்தத் தண்டனை விழுந்தது, பெரும்பாலும் தன் உயிரைத் தானே போக்கிக்கொண்டவர்கள் மேல்தான்.

அந்தக் காலத்து நம்பிக்கையைப் புரிந்துகொண்டால்தான் இது விளங்கும். கடைசித் தீர்ப்பு நாளில் செத்தவர்கள் எல்லோரும் உடம்போடு எழுந்து வருவார்கள். அதனால் உடம்பு எங்கே கிடக்கிறது என்பது பெரிய விஷயம். மந்திரித்த மண்ணில், கோயில் நிழலில், நாலு பேர் ஜெபம் காதில் விழுகிற தூரத்தில் படுத்திருக்க வேண்டும். அங்கிருந்து ஒருவரை வெளியே தள்ளினால், கூட்டத்திலிருந்தே பெயரை அடித்துவிட்ட மாதிரி.

ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் புனித அகுஸ்தினார், 'கொலை செய்யாதே' என்ற கட்டளை தன்னைக் கொல்வதற்கும் பொருந்தும் என்று வாதாடி எழுதினார். ஆறாம் நூற்றாண்டில் இன்றைய போர்ச்சுகலில் உள்ள பிராகா நகரத்தில் கூடிய ஆயர்கள், அப்படி இறந்தவர்களுக்குப் பூசையில் நினைவுகூர்தலும் கிடையாது, சங்கீதம் பாடி எடுத்துப் போவதும் கிடையாது என்று விதி செய்தார்கள். சபை செய்தது அவ்வளவுதான். ஜெபத்தை நிறுத்தியது, மண்ணை மறுத்தது. மிச்சத்தை ஊரும் ராஜாவும் பார்த்துக்கொண்டார்கள்.

என்ன மிச்சம்? சில ஊர்களில் சவத்தை வாசல் வழியாக எடுக்கக் கூடாது. வாசற்படிக்குக் கீழே குழி தோண்டி இழுப்பார்கள். ரைன் நதிக்கரையில் சில ஊர்களில் பீப்பாயில் அடைத்து ஆற்றோடு விட்டார்கள். 'எங்கள் மண்ணுக்கு வேண்டாம், அடுத்த ஊர்க்காரன் பார்த்துக்கொள்ளட்டும்!' இங்கிலாந்தில் நாற்சந்தியில் குழி வெட்டி, ராத்திரியில் புதைத்து, உடம்பின் மேல் கழி அடித்தார்கள். சொத்து ராஜாவுக்கு. அதாவது பெண்டாட்டி பிள்ளைகள் தெருவுக்கு.

இத்தாலியக் கவிஞர் தாந்தே, 14-ம் நூற்றாண்டின் ஆரம்பத்தில் எழுதிய காவியத்தில், நரகத்தில் ஒரு காட்டைக் காட்டுகிறார். தன்னை மாய்த்துக்கொண்டவர்கள் அங்கே முள்மரங்களாக நிற்கிறார்கள். கிளையை ஒடித்தால் ரத்தமும் பேச்சும் வருகிறது. கடைசி நாளில் எல்லோருக்கும் உடம்பு திரும்பக் கிடைக்கும். இவர்களுக்கோ, உடம்பை இழுத்துக்கொண்டு வந்து அவரவர் மரத்திலேயே தொங்கவிட வேண்டும். இதைப் படித்தபோது, முந்தின வாரம் பைன் காட்டில் நாங்கள் சிரிக்க முடியாமல் நின்ற போட்டோதான் ஞாபகம் வந்தது. ஆனால் ஒன்று கவனியுங்கள். அந்தக் காட்டில் தாந்தே ஒரு மரத்தோடு பேசுகிறார். அது பொய்க் குற்றச்சாட்டால் நொந்துபோன ஒரு மந்திரி. அவர் கதையைக் கேட்டதும் தாந்தேயால் அதற்குமேல் கேள்வி கேட்க முடியவில்லை. துக்கம் தொண்டையை அடைக்கிறது. சட்டம் ஒரு பக்கம், மனசு ஒரு பக்கம்!

இடைக்காலம் முடிந்தும் இந்த வழக்கம் முடியவில்லை. பிரான்ஸில் பதினான்காம் லூயி மன்னர் 1670-ல் போட்ட சட்டத்தில், இப்படி இறந்தவரின் பிணத்தின் மேல் வழக்கு நடத்த முறையே எழுதி வைத்திருந்தது. பிணத்துக்காக வாதாட ஒரு ஆளையும் நியமிக்க வேண்டும். கட்சிக்காரர் வாயே திறக்க மாட்டார், பாவம் அந்த வக்கீல்!

ஜனங்களும் சும்மா இருக்கவில்லை. 'புத்தி சரியில்லாமல் செய்துவிட்டார்' என்று ஜூரி சொல்லிவிட்டால் தண்டனை கிடையாது. நாளாக ஆக, இங்கிலாந்தில் ஜூரிகள் அதையே சொல்ல ஆரம்பித்தார்கள். செத்தவரைக் காப்பாற்ற இல்லை. அவர் பெண்டாட்டி பிள்ளைகளைக் காப்பாற்ற. 1822-ல் வெளியுறவு மந்திரி கேசல்ரே தன் உயிரைப் போக்கிக்கொண்டார். புத்தி பேதலித்தது என்று தீர்ப்பாகி, லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்திலேயே அடக்கம். 'ஏழை என்றால் நாற்சந்தி, மந்திரி என்றால் மாதாகோயிலா?' என்று கேள்வி கிளம்பியது. மறு வருஷமே, 1823-ல், நாற்சந்திக் குழியும் கழியும் சட்டப்படி ஒழிந்தன.

'வெள்ளைக்காரன் இவ்வளவு மோசமா?' என்று நாம் உச்சுக்கொட்ட வேண்டாம். நம் ஊரிலும் அடைப்பு நட்சத்திரத்தில் இறந்தால் வாசல் வழியாக எடுக்காமல் சுவரை இடித்து எடுத்த வழக்கம் உண்டு. சனிப் பிணம் தனிப் போகாது என்று பாடையில் கோழி கட்டினோம். தன்னை மாய்த்துக்கொண்டவர்களுக்கு நீர்க்கடன் இல்லை என்று மனுதர்மம் சொல்கிறது. மலையாளத்தில் இப்படிப்பட்டவர்களைப் புதைக்கும் மூலைக்கு 'தெம்மாடிக் குழி' என்றே பெயர். தெம்மாடி என்றால் போக்கிரி. அதற்கு முன்னால் இதே தமிழ் நாட்டில், கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்து உயிர் விட்டபோது நடுகல் நட்டுக் கும்பிட்டார்கள் என்கிறது புறநானூறு. ஒரு ஊரில் கல், ஒரு ஊரில் கழி. எனக்கு இரண்டுமே வேண்டாம் என்று தோன்றுகிறது. செத்த பிறகு கும்பிடுவதும் வேண்டாம், குத்துவதும் வேண்டாம்.

இந்தக் கதையில் என்னை ரொம்ப யோசிக்க வைத்தது அதே அகுஸ்தினார்தான். 'இறந்தவர்களுக்கு ஆற்ற வேண்டிய கடமை' பற்றி அவரே தனியாக ஒரு சிறு நூல் எழுதியிருக்கிறார். அடக்கச் சடங்கெல்லாம் செத்தவருக்கு உதவுவதைவிட, உயிரோடு இருப்பவர்களுக்கு ஆறுதல் என்பதே அதிகம் என்கிறார். நல்லடக்கம் கிடைக்காமல் போனாலும் இறந்தவருக்கு அதனால் நஷ்டமில்லை என்கிறார்.

அப்படியானால் சடங்கை மறுத்தபோது நஷ்டம் யாருக்கு? பதினாறு நூற்றாண்டுக்கு முன்னால் அந்த ஞானி எழுதியதைத்தான், மிளகாய் பஜ்ஜி ஆறிப்போன அந்த ராத்திரியில் எங்கள் கேஷியர் சொன்னார்: "தண்டனை பூராவும் எங்கம்மாவுக்குத்தான்."

கத்தோலிக்கச் சபையில் 1917-ல் தொகுத்த சட்டம், சுயநினைவோடு தன்னை மாய்த்துக்கொண்டவர்களுக்கு அடக்கப் பூசை கிடையாது என்றது. கேஷியரின் அண்ணன் இறந்த 1978-ல் அதுதான் சட்டம். 1983-ல் புதிய சட்டம் வந்தது. அடக்கம் மறுக்கப்பட வேண்டியவர்கள் பட்டியலில் இவர்கள் பெயரே இல்லை. ஐந்து வருஷம்... ஐந்தே வருஷம். 1992-ல் வெளிவந்த மறைக்கல்வி நூல் இன்னும் ஒரு படி மேலே போய், கடும் மன வேதனையும் பயமும் ஒருவரின் பொறுப்பைக் குறைத்துவிடும், அவருக்காகச் சபை ஜெபிக்கிறது என்று சொல்கிறது.

நம் சர்க்கார் சட்டமும் மெதுவாகத்தான் நகர்ந்தது. வெள்ளைக்காரன் 1860-ல் எழுதிய இந்திய தண்டனைச் சட்டத்தின் 309-வது பிரிவு, பிழைத்துக்கொண்டவருக்கு ஒரு வருஷம் வரை ஜெயில் என்றது. 1994-ல் சுப்ரீம் கோர்ட் அது செல்லாது என்றது. 1996-ல் இன்னும் பெரிய பெஞ்ச், செல்லும் என்றது. 2017-ல் வந்த மனநலச் சட்டம், அப்படிப்பட்டவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும், அவரைக் கவனித்துக்கொள்வது அரசின் கடமை என்றது. 2024 ஜூலை 1-ல் அமலுக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் பழைய 309 கிடையாது. அரசு ஊழியரை அவர் கடமையைச் செய்யவிடாமல் வற்புறுத்துவதற்காகச் செய்தால் மட்டும்தான் குற்றம்.

சரி, மலையிறங்குவோம்.

ஞாயிற்றுக்கிழமை காலை. வந்த வழியே திரும்ப வேண்டாம் என்று, பெருமாள்மலையிலிருந்து பண்ணைக்காடு, தாண்டிக்குடி வழியாக இறங்கினோம். அந்தப் பாதையில் போயிருக்கிறீர்களா? கூட்டம் கிடையாது. இரண்டு பக்கமும் காப்பித் தோட்டம். சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி ஏறியிருக்கும். ஜன்னலைத் திறந்தால் ஏலக்காய் வாசம்.

தாண்டிக்குடிப் பக்கம் கற்திட்டைகள் உண்டு. பெரிய பெரிய பலகைக் கற்களை மூன்று பக்கமும் நிறுத்தி, மேலே ஒரு கல்லை மூடி, செத்தவர்களுக்காகக் கட்டிய வீடுகள். இரும்புக் கால மனிதர்கள் செய்தது. செண்பகனூர் குருமடத்தைச் சேர்ந்த அங்லாட், நியூட்டன் என்ற இரண்டு பாதிரிமார்கள், இந்த மலை முழுக்க அலைந்து ஒவ்வொன்றையும் அளந்து படம் போட்டார்கள். 1928-ல் தொல்லியல் துறை அதைப் புத்தகமாகவே போட்டது.

கேஷியர் அண்ணன் இந்த முறை எங்களுக்கு முன்னாலேயே இறங்கிவிட்டார். கல்லைத் தொட்டுப் பார்த்தார்.

"இவ்வளவு பெரிய கல்லை இங்கே தூக்கிட்டு வர எத்தனை பேரு வேணும்?" என்றார் டெஸ்பாட்ச்.

"ஊரே வேணும்" என்றார் கேஷியர். அப்புறம், நாங்கள் கேட்காமலே சொன்னார்: "அந்தச் சுவர் இப்ப இல்லப்பா."

"எந்தச் சுவர்ணே?"

"கல்லறைத் தோட்டத்துச் சுவர். தொண்ணூறுகள்ல ஒரு ஐப்பசி மழையில அந்தப் பக்கம் இடிஞ்சு விழுந்துச்சு. அப்ப புதுசா ஒரு சின்ன வயசுச் சாமியார் வந்திருந்தார். கொத்தனார் பழைய அஸ்திவாரத்து மேலயே நூல் பிடிச்சாரு. சாமியார் வந்து பார்த்தார். எருக்கஞ்செடியைப் பார்த்தார். எங்கம்மா அங்கே நிக்கிறதையும் பார்த்தார். ஒண்ணும் கேக்கல. 'நூலைப் பத்தடி தள்ளிப் பிடிங்க'ன்னாரு. அவ்வளவுதான். சுவர் பத்தடி தள்ளி எழும்பிடுச்சு. என் அண்ணன் உள்ளே வந்துட்டான்."

அந்த நவம்பரில் சாமியார் அந்தக் கல்லறையையும் மந்திரித்தாராம். மெழுகுவத்தி தரையில் எரிந்ததாம். அம்மா அதற்கப்புறம் ஆறு வருஷம் இருந்தார். இப்போது அம்மாவும் பிள்ளையும் பக்கத்தில் பக்கத்தில்.

"ஒண்ணுதாம்ப்பா எனக்கு ஆறவே இல்ல" என்றார். "அவன் செத்த பிறகு, அவன் செஞ்சது பாவமா இல்லையான்னு பேச ஊரே கூடுச்சு. அதுக்கு முந்தின மாசம், 'ஏண்டா சரியா சாப்பிட மாட்டேங்கிறே?'ன்னு கேக்க ஒருத்தன் வரல. நான் உட்பட. எனக்குப் பன்னெண்டு வயசு, எனக்கென்ன தெரியும்னு சமாதானம் சொல்லிக்கிறேன்."

வேன் மறுபடி கிளம்பியது. பட்டிவீரன்பட்டி தாண்டி வெயில் ஏற ஆரம்பித்தது. ஸ்வெட்டரைக் கழற்றினோம். தம்பி ரொம்ப நேரம் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தான். திடீரென்று மெதுவான குரலில் சொன்னான்:

"அண்ணே, நேத்து அந்த அப்ரைசல் ஜோக் சொன்னேன்ல... அது பாதிதான் ஜோக்."

டெஸ்பாட்ச் வாயைத் திறந்தார். நான் அவர் காலை மிதித்தேன். கேஷியர் அண்ணன் திட்டவில்லை, புத்தி சொல்லவில்லை. எழுந்து போய்த் தம்பி பக்கத்து ஸீட்டில் உட்கார்ந்தார். "சொல்லு" என்றார். வத்தலக்குண்டு வரைக்கும், அப்புறம் மதுரை வரைக்கும், அவன் சொல்லிக்கொண்டே வந்தான். கேட்டால் பெரிய விஷயமாக ஒன்றுமில்லை. வீட்டுக் கடன், ஊரில் அப்பாவோடு பேச்சுவார்த்தை இல்லை, ராத்திரித் தூக்கமில்லை. ஒவ்வொன்றாகப் பார்த்தால் சின்னதுதான். மொத்தமாக ஒருத்தன் தலையில் ஏறினால் கற்திட்டையின் மூடுகல். தூக்க ஊரே வேண்டும்.

மறுநாள் கேஷியர் அண்ணனே அவனை ஒரு டாக்டரிடம் அழைத்துப் போனார். இப்போது தூக்கம் வருகிறதாம். பரோட்டாவும் இறங்குகிறதாம்.

உங்கள் செக்‌ஷனிலும் இப்படிப் பாதி ஜோக் அடிக்கிற ஒரு தம்பி இருக்கலாம். அல்லது அது நீங்களாகவே இருக்கலாம். பக்கத்து நாற்காலிக்காரரிடம் சொல்லுங்கள். அவர் லீவு என்றால் 14416-க்கு போன் பண்ணுங்கள். மத்திய அரசின் டெலிமானஸ் சேவை. காசு கிடையாது, இருபத்துநாலு மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம். தமிழக அரசின் 104-ம் இருக்கிறது.

தினமும் பதினோரு மணிக்கு இப்போது கேஷியரும் தம்பியும் சேர்ந்துதான் டீ குடிக்கப் போகிறார்கள். டீக்குக் காசு கொடுப்பது யார் தெரியுமா?

தம்பிதான். கேஷியர் கையிலிருந்து காசு அவ்வளவு சுலபத்தில் வந்துவிடுமா என்ன!